மெஷின் கத்திய இடம்

என்னுடைய மெஷின் தண்ணீர் பார்க்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தென்காசியிலிருந்து சுரண்டை வரைக்கும் நான் இதைச் சொல்லாத ஆள் இல்லை, சொன்னதை நம்பின ஆளும் இல்லை. பூமிக்குள் புதைந்து கிடக்கிற ஒயர் எந்த வழியாகப் போகிறது, அது போய்ச் சேருகிற வால்வு எங்கே இருக்கிறது, நடுவில் எங்கே அறுந்திருக்கிறது, இவ்வளவுதான் அது சொல்லும். நீரோட்டம் சொல்லாது. புதையல் சொல்லாது. தொலைந்துபோன சங்கிலி எந்தத் திசையில் இருக்கிறது என்றும் சொல்லாது. எல்லாவற்றையும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சங்கிலியைக் கேட்ட அம்மா இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

கல்ஃபில் நான் பார்த்த வேலை ஹோட்டல் புல்தரைகளுக்குத் தண்ணீர் விடுவது. விடுவது என்றால் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பதல்ல. சுவரில் ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து மண்ணுக்கடியில் ஒயர்கள் போகும். ஒவ்வொரு ஒயரின் முடிவிலும் ஒரு வால்வு. பெட்டியில் பட்டனை அமுக்கினால் எங்கோ தூரத்தில் இருக்கிற வால்வு திறந்து அந்தப் பகுதிக்கு மட்டும் தண்ணீர் போகும். ஒயர் அறுந்தால் தேடிக் கண்டுபிடிக்க இந்த மெஷின். கம்பெனியை மூடினபோது பழைய சாமான்களோடு கிடந்ததை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் எதிர்பார்த்துச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மெஷின்தான் இப்போது எனக்குச் சோறு போடுகிறது. ஐந்தருவி ரோட்டில் புதிது புதிதாக வந்திருக்கிற விடுதிகள் எல்லாம் புல்தரை போட்டிருக்கின்றன. கிழக்கே போகப்போக எலுமிச்சைத் தோட்டங்களிலும் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. எல்லோரும் புதைக்கிறார்கள், எங்கே புதைத்தோம் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

மெஷினில் இரண்டு பாகம். ஒன்று ஒயருக்குள் சத்தத்தை அனுப்புகிற பெட்டி. இன்னொன்று அந்தச் சத்தத்தைக் கேட்கிற கம்பு. கம்பைத் தரைக்கு மேலே ஆட்டிக்கொண்டே நடக்க வேண்டும். ஒயரின் இரண்டு பக்கமும் அது கத்தும், ஒயருக்கு நேர்மேலே வந்தால் அடங்கிப்போகும். வால்வு இருக்கிற இடத்தில் மட்டும் எந்தப் பக்கம் காட்டினாலும் கத்தும், ஏனென்றால் வால்வின் தலையில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, அது எழுந்து நிற்கிற இடத்தில் போர் போடச் சொல்கிறவர்கள் உண்டு. வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்களும் உண்டு. அந்தக் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். தேங்காயாவது சும்மா எழுந்து நிற்கும், என்னுடையது வாய்விட்டுக் கத்துகிறதே, அதனால் எனக்கு மதிப்பு கொஞ்சம் கூடுதல்.

நான் சொல்ல வந்தது ஆய்க்குடிக்கும் சுரண்டைக்கும் நடுவில் இருக்கிற ஒரு எலுமிச்சைத் தோட்டத்தைப் பற்றி. செவல் மண், ஓரமாகத் தென்னை, எட்டு வால்வு. எட்டுக்கும் சேர்த்து மோட்டார் ரூம் சுவரில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு மனிதர் இருந்தார். எல்லோரும் அவரை மோட்டார்க்காரர் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். முன்பு அவர் மரம் ஏறுகிறவர். அந்தத் தோட்டத்துத் தென்னையிலிருந்துதான் விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆய்க்குடிப் பக்கம் ஒரு காப்பகத்தில் தங்கி, நாற்காலியை ஓட்டப் பழகி, கொஞ்சம் எலக்ட்ரிகல் வேலையும் கற்றுக்கொண்டு திரும்பினபோது, முதலாளி இந்தப் பட்டன் ஏற்பாட்டைப் புதிதாகப் போட்டிருந்தார். மோட்டார் ரூமை ஒட்டின அறையில் மனைவியோடு இருந்துகொள்ளச் சொல்லி வேலையும் கொடுத்தார்.

கொடுத்ததை முதலாளி சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. நான் முதல்முதலாக அங்கே போன அன்றைக்கே வண்டி ஸ்டாண்டைப் போடுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"அவனுக்கு நாந்தான் பாய் சோறு போடுதேன். வேற எவன் வச்சிருப்பான் சொல்லும். எல்லாம் ஒரு தர்மந்தான்."

மோட்டார்க்காரர் ரூம் வாசலில் இருந்தார், அவர் காதில் விழுகிற தூரம்தான். ஒரு மனிதர் உங்கள் மரத்தில் ஏறி, உங்கள் தேங்காயைப் பறிக்கும்போது விழுந்திருக்கிறார். அதன் பிறகு விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரைக்கும் உங்கள் தோட்டம் முழுவதற்கும் தண்ணீர் பாய்ச்சுகிறார். அதற்குத் தர்மம் என்று பெயர் வைக்க எப்படித்தான் நாக்கு வருமோ. எனக்கு அங்கேயே சுள்ளென்று வந்தது. புது இடம், முதல் நாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு வால்வும் தரைக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது, மூடி மட்டும் வெளியே தெரியும். மூடிகளுக்குப் பக்கத்தில் மோட்டார்க்காரர் தன் மனைவியை விட்டுக் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்ட வைத்திருந்தார். கோடை உழவுக்கு டிராக்டர் வந்தபோது முதலாளியின் மச்சினன் அந்தக் குச்சிகளை எல்லாம் பிடுங்கி வேலி ஓரம் போட்டுவிட்டான். டிராக்டர் திரும்ப இடைஞ்சலாம். அவன் முப்பதைத் தாண்டின ஆள், திருப்பூரில் இருந்துவிட்டு வந்து அக்காள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருகிறவன். உழவில் மூடிகள் உடைந்தன, பெட்டிகளை மண் மூடியது, ஒயர் எங்கெங்கே அறுந்தது என்று தெரியவில்லை. பட்டனை அமுக்கினால் ஒரு வால்வும் அசையவில்லை. மோட்டார் மட்டும் ஓடியது.

இப்படி ஆனால் வால்வைக் கையால் திருகித் திறக்கலாம். ஆனால் அதற்கு நடந்து போக வேண்டும். மோட்டார்க்காரரின் மனைவி மண்வெட்டியால் தோண்டித் தோண்டி மூன்று வால்வைக் கண்டுபிடித்திருந்தார். அவர் பீடி சுற்றுகிறவர். பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி ஒரு வால்வைத் திறப்பார், வந்து பீடி இலை வெட்டுவார், மறுபடி ஓடி அதை மூடி அடுத்ததைத் திறப்பார். மற்ற ஐந்து பகுதியிலும் எலுமிச்சை இலை சுருள ஆரம்பித்திருந்தது. குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த நேரம்தான் அது. ஆனால் ஆய்க்குடியைத் தாண்டினால் சாரல் கிடையாது, காற்று மட்டும்தான். அந்தக் காற்று இருக்கிற ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

முதலாளி நேராக விஷயத்துக்கு வந்தார். "ஒரு வாரம் பாப்பேன் பாய். பட்டன் வேல செஞ்சா இவன் இருக்கட்டும். இல்லன்னா மச்சினன் பாத்துக்கிடுவான். நடக்குத ஆளு வேணும்லா."

குச்சியைப் பிடுங்கினவனிடம் வேலையைக் கொடுப்பதாம், குச்சி நட்டவரை வீட்டோடு வெளியே அனுப்புவதாம். இதில் எங்கே நியாயம் என்று கேட்க அந்த இடத்தில் ஒருத்தரும் இல்லை. நான் மோட்டார் ரூமுக்குள் போய் மெஷினின் பெட்டியை ஒயர்களில் மாட்டினேன்.

மோட்டார்க்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "என்ன வே பாய், இதையும் காதுல வச்சுக் கேக்கணுமா? டாக்டர் மாதிரில்லா வந்திருக்கீரு."

"ஆமா. ஒங்க தோட்டத்துக்கு நாடி பாக்க வந்திருக்கேன்."

"எனக்கும் ஒருதடவ பாரும். இடுப்புக்குக் கீழ எங்கன ஒயரு அந்துருக்குன்னு சொல்லிட்டீருன்னா ஒமக்குக் கோயில் கட்டிருவேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டு, "சரி போவும், வெயில் ஏறதுக்குள்ள பாரும்" என்றார்.

கம்பைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். மச்சினன் வாளியில் சுண்ணாம்புப் பொடியோடு பின்னால் வந்தான். ஒயர் போகிற வழியில் கோடும், வால்வு இருக்கிற இடத்தில் வட்டமும் போட வேண்டியது அவன் வேலை. காற்றில் பாதிப் பொடி அவன் மேலேயே விழுந்தது. மெஷின் கத்துவதைக் கேட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். ஒருத்தர் கேட்டார், "நீரோட்டம் எந்தப் பக்கம் போவுது பாய்?"

"நீரோட்டம் இல்ல அண்ணாச்சி, ஒயரு."

"சரி சரி. வெளிய சொல்ல மாட்டீரு."

இப்படிப் பேசுகிறவர்களிடம் என்ன பதில் சொல்வது. இல்லை என்றால் மறைக்கிறேன் என்கிறார்கள். பேசாமல் இருந்தால் ஆமாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மச்சினனுக்கு மட்டும் ஒவ்வொரு வட்டம் போடும்போதும் விளக்கினேன், இது வால்வு, இது வால்வு என்று. அவனும் மண்டையை மண்டையை ஆட்டினான்.

சாயங்காலத்துக்குள் ஏழு வால்வும், ஒயர் அறுந்த மூன்று இடமும் கிடைத்துவிட்டன. எட்டாவது வால்வு மட்டும் ஆட்டம் காட்டியது. ஒயர் வேலியைத் தொட்டுக்கொண்டு போய் வடகிழக்கு மூலையில் திரும்பியது. அங்கே போனதும் மெஷின் கத்திய கத்தில் வேலியில் இருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. எனக்குக் காரணம் புரிந்தது. முதலில் இந்த ஏற்பாட்டைப் போட்டவர்கள் மிச்சமான ஒயரை வெட்டாமல் வளையமாகச் சுருட்டி வால்வுக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். சுருட்டின ஒயருக்குச் சத்தம் அதிகம். தோண்டிப் பார்க்க வெளிச்சம் இல்லை. ஒயரை மண்ணுக்குள் இணைக்கத் தண்ணீர் புகாத கேப் வேண்டும், அது கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வர வேண்டும். வந்ததும் வருகிறேன், அதுவரைக்கும் வட்டத்தின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வடகிழக்கு என்று நான் சொல்கிறேன். அவர்களுக்கு அது ஈசான மூலை. கிணறாக இருந்தாலும் போராக இருந்தாலும் தண்ணீர் அங்கேதான் இருக்க வேண்டும் என்று வாஸ்து பார்க்கிறவர்கள் சொல்கிற மூலை. இது எனக்கு அன்றைக்கே உறைத்திருந்தால் அந்த வட்டத்தை மட்டும் போடாமல் வந்திருப்பேன். பாய்க்கு வாஸ்து எங்கே உறைக்கிறது.

பார்சல் வருகிற அன்றைக்கு நான் ஐந்தருவி ரோட்டில் ஒரு விடுதியில் வேலையாக இருந்தேன். சீசன் கூட்டம். ரோட்டை அடைத்துக்கொண்டு வேன்கள், எண்ணெய்த் தலைகள், ஈரத் துண்டுகள். விடுதிக்காரர் புல்தரையில் கட்டில் போட்டு எண்ணெய் மசாஜுக்கு இடம் விட்டிருந்தார். கட்டிலின் கால் என் ஒயருக்கு மேலே நின்றது. அந்த நேரத்தில் முதலாளி போன் பண்ணினார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

"பாய், ஒம்ம மெஷின் சொன்ன எடத்துலயே போர் போட்டிருவோம்னு வண்டிய வரச் சொல்லிட்டேன். மச்சினன் எல்லாம் சொன்னான். அங்கன மெஷின் கெடந்து கத்துச்சாம்லா. ஈசான மூல வேற. நீரு வாரும், பூசைக்கு."

நான் சொன்னேன், அண்ணாச்சி அது தண்ணி இல்ல, அது வால்வு, வால்வு, வண்டிய நிப்பாட்டுங்க என்று. அவர் பக்கம் இரைச்சல். "வாரும், வாரும், நேர்ல பேசுவோம்" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. மெஷினை அங்கேயே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். தென்காசிக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் உயிர் போய்விட்டது. வழியெல்லாம் வாய்விட்டே திட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து முறைத்தார்.

நான் தோட்டத்துக்குள் நுழையும்போது போர் வண்டி தன் இரும்புத் தூணை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தது. என்னுடைய சுண்ணாம்பு வட்டத்தின் நட்டநடுவில் மஞ்சளும் குங்குமமும் பூவும். ராடு சுற்ற ஆரம்பித்துவிட்டது. கம்ப்ரசர் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். முதலாளியும் பதிலுக்குக் கையை ஆட்டினார், வாரும் என்று.

இரண்டு மூன்று அடிகூடப் போயிருக்காது. செம்மண் புழுதிக்கு நடுவிலிருந்து தண்ணீர் பீறிட்டு ஆள் உயரத்துக்கு மேலே போனது. வேலியோரம் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு அம்மா குலவை போட்டார். தேங்காய் உடைந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு நின்றார், அவர் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். மச்சினன் சட்டையைக் கழற்றிவிட்டு குற்றாலம் மெயின் அருவியில் நிற்கிற மாதிரி அதற்குக் கீழே தலையைக் கொடுத்து நின்றான். இவ்வளவு மேலே, இவ்வளவு சுத்தமாகத் தண்ணீர் வருமா என்று அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. போர் வண்டி டிரைவருக்கு மட்டும் தோன்றியிருக்க வேண்டும், அவர் ராடை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

நான் மோட்டார் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மோட்டார்க்காரர் வாசலில் நாற்காலியில் இருந்தார். மனைவி கையால் திறந்துவைத்திருந்த மூன்றாம் வால்வுக்காக அவர் மோட்டாரை ஓட விட்டிருந்தார். மோட்டார் ஓடினால் மூடிக் கிடக்கிற வால்வுகள் வரைக்கும் குழாயில் தண்ணீர் முட்டி நிற்கும். அவர் பீறிட்ட தண்ணீரைப் பார்த்தார். பிறகு உள்ளே சுவரில் இருந்த பிரஷர் மீட்டரைப் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். மோட்டார் சத்தம் நின்றது.

தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியது, முழங்கால் அளவுக்கு இறங்கியது, மச்சினனின் காலடியில் குமிழ் விட்டு அடங்கியது. அவன் தலையைத் துவட்டாமல் அப்படியே நின்றான். டிரைவர் ராடைத் தூக்கினார். அதில் என் ஒயர் வளையம் முழுவதும் சுற்றிக்கொண்டு வந்தது, கூடவே உடைந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டு.

"அண்ணாச்சி, இது ஒங்க பைப்புல்லா" என்றார் டிரைவர்.

வேலியோரம் யாரோ ஒருத்தர் சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு வேலி முழுக்கப் பரவியது. முதலாளி மச்சினனைத் திட்டியிருக்க வேண்டும். என்னைத் திட்டியிருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் நேராக மோட்டார் ரூம் வாசலுக்குப் போனார்.

"ஏலே, சாமி காரியம் நடக்கும்போது ஒன்னய எவம்லே மோட்டார நிப்பாட்டச் சொன்னது?"

மோட்டார்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். "நிப்பாட்டலன்னா கெணறு காலியாகுத வரைக்கும் கும்பிட்டுக்கிட்டேல்லா நிப்பீய, மொதலாளி."

அந்த ஒரு வார்த்தை போதும். எல்லோர் முன்னாலும் அவமானப்பட்ட மனிதருக்கு யார் மேலாவது விழ வேண்டும், ஓட முடியாத ஆள் மேலே விழுந்தார். நாளைக்கே ரூமைக் காலி பண்ணு என்றார். நடக்க முடியாதவனை வைத்துக்கொண்டு தோட்டம் பார்க்க முடியாது, ஊரில் எல்லோரும் சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை என்றார். நான் நடுவில் போய்க் கேட்டேன், நடக்கிறவன் செய்த வேலையைத்தானே அண்ணாச்சி இப்போது பார்த்தோம் என்று. அவர் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"பாய், ஒம்ம வேல ஒயரு. நீரு ஒயரப் பாரும்."

போர் வண்டி வந்தது வந்ததுதான் என்று கொஞ்சம் தள்ளி நிறுத்தி அன்றைக்கு முழுக்கத் துளைத்தார்கள். வெறும் வெள்ளைப் புழுதிதான் வந்தது. அந்தப் புழுதி காற்றில் வந்து மோட்டார் ரூமில் விழ, அதற்குள் உட்கார்ந்து அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தோட்டத்துக்கு இனி என் கால் படாது என்று நான் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். கேப் பார்சலைத் திருப்பி அனுப்பிவிடுவதாகவும் சொன்னேன். மோட்டார்க்காரர்தான் விடவில்லை.

"முடிச்சுக் குடும் வே. மரம் என்ன செஞ்சிது? அதுவும் போவ, பட்டன அமுக்குனா தண்ணி வருதுன்னு ஆயிட்டா பெறவு என்னத்தச் சொல்லி என்ன வேண்டாம்பாரு? நடக்குத ஆளு வேணும்னு தான சொல்லுதாரு. நடக்குத வேலயே இல்லன்னா?"

அவர் அதை யோசித்து வைத்துச் சொன்னார். அவர் மனைவியும் சாக்கைக் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பேச்சில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. முதலாளி முதல் நாள் என்னிடம் சொன்னதும் அதேதானே, பட்டன் வேலை செய்தால் இவன் இருக்கட்டும் என்று. கோபம் ஆறினால் மனிதர் சொன்ன சொல்லுக்கு வருவார் என்று நானும் நம்பினேன். மோட்டார்க்காரரும் மனைவியும் தற்காலிகமாக ஆய்க்குடியில் ஒரு காம்பவுண்டில் ஒற்றை அறை பார்த்துக்கொண்டு போனார்கள். வாசலில் படி இருந்ததால் ஒவ்வொரு தடவையும் நாற்காலியை மனைவி தூக்கி இறக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நாள்தானே என்றார்கள்.

நான் என் வாழ்க்கையில் எந்த ஹோட்டலுக்கும் அப்படி வேலை செய்ததில்லை. உடைந்த குழாயையும் மூடிகளையும் மாற்றினேன். அறுந்த இடங்களைத் தோண்டி எடுத்துச் சுத்தம் பண்ணிக் கேப் போட்டேன். எட்டாவது வால்வுக்குப் புதுத் தலை வைத்தேன், ஒயரும் புதிதாக இழுத்தேன். அது முதலில் போட்ட நாளிலிருந்தே சரியாகத் திறந்ததில்லை என்று மோட்டார்க்காரர் சொல்லியிருந்தார். ஈசான மூலை மரங்கள் மட்டும் ஏன் குட்டையாக இருக்கின்றன என்பதற்குக் காரணம் அதுதான், வாஸ்து இல்லை. எல்லா மூடிக்கும் பக்கத்தில் இந்தத் தடவை குச்சி இல்லை, சிமெண்டுக் கல் நட்டேன். எவனும் பிடுங்கிப் போட முடியாது.

முடிந்ததும் முதலாளியை மோட்டார் ரூமுக்குக் கூப்பிட்டேன். ஒன்றாம் பட்டனை அமுக்கினேன். தூரத்தில் குழாயில் காற்று சீறி, பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம் வந்தது. இரண்டு, மூன்று என்று வரிசையாக அமுக்கிக் காட்டினேன். எட்டை அமுக்கிவிட்டு, போய்ப் பாருங்கள் அண்ணாச்சி என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் முகம் மலர்ந்திருந்தது. எட்டாவதில் இப்படித் தண்ணீர் வந்து அவர் பார்த்ததே இல்லையாம்.

"சின்னப் புள்ளகூட உக்காந்த எடத்துலருந்து பாத்துக்கிடலாம் போல, பாய்."

இதற்குத்தானே நான் காத்திருந்தேன். "அப்போ அவரக் கூப்பிட்டுருவோமா அண்ணாச்சி? நடக்கதுக்கு இனிமே ஒரு வேலயும் கெடையாது" என்றேன்.

அவருக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நடித்தார் என்று சொல்ல மாட்டேன். உண்மையாகவே அவர் அந்த மனிதரை அதற்குள் மறந்துபோயிருந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அவன எதுக்கு? மச்சினன் இருக்கான்லா. வீட்டுல சும்மாதான இருக்கான். ஒக்காந்து பாக்குத வேலதான, அவனுக்குத் தோதா இருக்கும்."

மச்சினன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் போட்டான். போட்டு உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் போட்டுக்கொண்டான். எந்தப் பட்டன் எதற்கு என்று கேட்டான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலாளியிடம் கேட்கிறதைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். நடக்க முடியாதவர் என்று அனுப்பினீர்கள், நடக்கத் தேவையில்லாத வேலைக்கு நடக்கிறவனை உட்கார வைத்திருக்கிறீர்கள், அப்போது அன்றைக்குச் சொன்னது என்ன, நீங்களே சொல்லுங்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் என்னை ஏதோ புரியாத பாஷை பேசுகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பாய்க்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மச்சினனிடம் சொல்லி மோர் கொண்டுவரச் சொன்னார். அந்த மோரை நான் குடிக்கவில்லை.

ஆய்க்குடிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவர்கள் எனக்காகக் காத்திருப்பார்கள். மோட்டார்க்காரர் படிக்கு உள்பக்கம், வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே இறங்கவில்லை. மனைவி பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன வே பாய், எல்லாம் தொறக்கா?"

"தொறக்கு."

"எட்டாவது?"

"அதுவும் தொறக்கு. நல்லா வருது."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மனைவியின் பக்கம் திரும்பி, எட்டாவதும் திறக்கிறதாம் என்று சொன்னார், அவர் காதில் ஏற்கெனவே விழாதது மாதிரி. பிறகு என் முகத்தைப் பார்த்தார். மச்சினன் உட்கார்ந்திருக்கிறான் என்று மட்டும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன், வழக்கம்போல ஏதாவது கேலி சொல்வார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அவனுக்குத்தான் காலு ரெண்டும் நல்லாருக்கே பாய். அவன் எதுக்கு அங்கன உக்காந்திருக்கான்?"